டீச்சர் எடுத்த பேசாப்படம்

முதலில் என் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த 'ள' வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டீச்சர் செய்த அந்தப் படக்கதை இப்போது வருகிற புதிய கம்ப்யூட்டர்களில் திறப்பதில்லை என்கிறார்கள். டீச்சரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல யாராவது வேண்டும் அல்லவா?

கண்ணை மூடினால் எனக்கு முதலில் தெரிவது ஒரு கறுப்புத் திரை. நான்கு ஓரத்திலும் கொடி படர்ந்த மாதிரி வெள்ளைக் கோலம். நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'அவன் இன்றும் வந்தான்.' எழுத்துக் கூட்டி நான் அதைப் படித்து முடிக்கும்வரை திரை காத்திருந்தது. மவுஸை ஒரு தட்டுத் தட்டினால்தான் அடுத்த படம். என்னைப் போல மெதுவாகப் படிக்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த சினிமாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மலையாளத்துப் பக்கம் கரமனையில் ஒரு கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அப்படி ஒன்று இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள். நான் அங்கே அட்டெண்டர். கூட்டுவது, துடைப்பது, டீ போடுவது என் வேலை. டீச்சர் அக்ரகாரத்துப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வகுப்பில் மலையாளம், வீட்டுக்குப் போன் பேசினால் அவர்கள் வீட்டுத் தமிழ், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இங்கிலீஷ். பழைய பேசாப்படங்கள் என்றால் அவருக்கு உயிர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். கண்ணுக்கு மை அப்பிய மனிதர்கள் வேகவேகமாக நடப்பார்கள், விழுவார்கள், அழுவார்கள். சத்தம் வராது. பின்னால் பியானோ மட்டும் ஓடும்.

அதே மாதிரி ஒரு கதையைக் கம்ப்யூட்டரில் செய்யப்போவதாக ஒரு நாள் சொன்னார். ஓடுகிற சினிமா இல்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், நடுநடுவே எழுத்து அட்டைகள். தட்டத் தட்டக் கதை நகரும். கடைசியில் என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கிறவரே தேர்ந்தெடுக்கலாம். இப்படிச் சின்னச் சின்னக் கதைகளைச் செய்கிறவர்களுக்கென்று எங்கேயோ ஒரு போட்டி. அதற்கு அனுப்ப வேண்டும். கதை எளிது. துணிப்பொதி சுமக்கும் ஒரு சுமட்டுக்காரன் தினமும் ஒரு தையல் கடைக்கு வருகிறான். பொதியை இறக்குகிறான். ஒன்றும் பேசாமல் போகிறான்.

கதாநாயகனாக முதலில் நின்றவன் டீச்சரிடம் படித்த ஒரு கல்லூரி மாணவன். அழகன்தான். ஆனால் வாய் ஓயாது. எடுத்த படம் எல்லாவற்றிலும் வாய் பிளந்திருந்தது. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பினார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு. நான் உங்க பல்லைப் பாத்ததில்லை. நீங்கதானாக்கும் ஹீரோ" என்றார்.

வேண்டாம் என்று சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே. அதனால் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. முகத்தில் பவுடர், கண்ணில் மை. அதோடு பால் வாங்க எதிர்க் கடைக்குப் போனேன். டீக்கடைக்காரர் பாலைக் கீழே ஊற்றிவிட்டுச் சிரித்தார். "எந்தா அண்ணாச்சி, கதகளிக்கு வேஷம் கெட்டியாச்சா? நல்லா இருக்கு, கேட்டோ!" அன்றிலிருந்து பால் வாங்கிவிட்டுத்தான் மை பூசிக்கொள்வேன்.

கதாநாயகிக்கு டீச்சர் தேடவே இல்லை. கீழ்க்கடையில் தையல் மெஷின் போட்டிருந்தவளையே கேட்டார். அவளும் எங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரிதான். அண்ணன் கட்டிக்கொடுக்கிறேன் கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்லியே முப்பத்திரண்டு வயதாகிவிட்டது என்று தானே சொல்லிச் சிரிப்பாள். இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நான் அவளிடம் ஒன்று கேட்க நினைத்து, கேட்காமல் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் அவள் அண்ணாச்சி என்பாள். என்னை மட்டும் "இங்க பாருங்க" என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷம் ஓட்டினேன். அந்த மாதக் கடைசியில் கடையைக் காலி செய்து ஊருக்கே வந்துவிடு என்று அண்ணன் சொல்லியிருந்தார். மெஷினை ஏற்ற வண்டியும் சொல்லியாகிவிட்டது. அதற்குள் நான் பேச வேண்டும். இல்லையென்றால் இல்லை.

படம் எடுக்கக் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஒருவரின் கேமராவை நான்கு நாளைக்கு வாங்கி வந்தார் டீச்சர். சுமட்டுக்காரன் என்பதால் நான் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மதிக்க வேண்டிய ஒருவர் எதிரில் வந்தால் அந்த மடிப்பைக் கை தானாக இறக்கிவிடும். யோசித்துச் செய்வது இல்லை, கண் சிமிட்டுகிற மாதிரி. முதல் நாள் டீச்சர் கேமராவோடு பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் இறக்கினேன். "என்னைப் பாத்து இறக்கப்படாது. கேமராவுக்குப் பின்னால நான் டீச்சரே இல்லை" என்று கண்டித்தார். கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்த பிறகு டீச்சர் படங்களை வரிசையாக அடுக்கினார். நான் பக்கத்தில் டீயோடு நின்றேன். ஒவ்வொன்றாகத் தட்டினார். நான் பொதியோடு படியில் நிற்கிறேன், வேட்டி மேலே. கடைக்குள் நிற்கிறேன், வேட்டி கீழே. பொதியை இறக்குகிறேன், மேலே. நிமிர்கிறேன், கீழே.

"என்ன அண்ணாச்சி இது, லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கறது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தட்டிப் பார்த்தார். வேட்டி கீழே இருந்த படங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். பன்னிரண்டு. பன்னிரண்டிலும் தையல்காரி இருந்தாள். எனக்கு ஆணையிட்டது டீச்சரைப் பார்த்து இறக்கக் கூடாது என்று மட்டும்தானே. கை அதற்கு மட்டும்தான் கீழ்ப்படிந்திருந்தது.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"அவளுக்குத் தெரியுமோ?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"மாசக் கடைசியில அவ போறா. அதாவது தெரியுமோல்லியோ?"

தெரியும் என்றேன். அதுவரை அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

மறுபடி படம் எடுக்க வழியில்லை, கேமரா போய்விட்டது. போட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். டீச்சர் ஒரு படத்தையும் மாற்றவில்லை. ஓர் அட்டையை மட்டும் புதிதாக எழுதிச் சேர்த்தார். கறுப்பில் வெள்ளை எழுத்து: 'அவன் யாருக்காகவும் வேட்டியை இறக்கியதில்லை. ஒருத்திக்காகத் தவிர.' எழுத்துக் கூட்டி முடித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. இது வேண்டாம் டீச்சர் என்று கெஞ்சினேன்.

"அப்படீன்னா நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். சொல்லிட்டா அட்டையை எடுத்துடறேன். சொல்லலைன்னா அட்டை சொல்லும்."

திங்கட்கிழமை சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு கீழே போனேன். தைத்துக் கொடுத்தாள். மேலே வந்துவிட்டேன். செவ்வாய் இன்னொரு பொத்தான். புதன்கிழமை என்னிடமிருந்த எல்லாச் சட்டையும் முடிந்து, ஏசி அறைத் திரைச்சீலையின் வளையத்தைப் பிய்த்து எடுத்துப் போனேன். "இங்க பாருங்க, மாடில குரங்கு கிரங்கு வருதா? ஒரே கிழிசலா இருக்கு" என்று கேட்டாள். வரவில்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். வியாழக்கிழமை கிழிக்க ஒன்றும் மிச்சமில்லை. படியில் பாதி இறங்கி, பாதி ஏறினேன். டீச்சர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாட்சை மட்டும் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளைப் படம் பார்க்கக் கூப்பிட்டார். கழுத்தில் டேப்போடு, விரலில் நூலோடு வந்து உட்கார்ந்தாள். மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். தன் முகம் வந்ததும், "அய்யோ, எனக்கு மூக்கு இவ்வளவு பெரிசா?" என்று சிரித்தாள். என் மை பூசிய கண்ணைப் பார்த்து இன்னும் சிரித்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். அந்த அட்டை வந்தது. டீச்சர் எழுந்தார். "டீ போட்டுண்டு வரேன்" என்றார். மூன்று வருஷத்தில் அவர் டீ போட்டு நான் பார்த்ததில்லை. கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.

படக்கதைக்கு டீச்சர் சேர்த்திருந்த பியானோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் அட்டையைப் படித்தாள். மறுபடி படித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"இத எழுதித்தான் தெரியணுமா? நான் முதல் நாளே பாத்தாச்சு" என்றாள். "தையக்காரி மூஞ்சியையா பாப்பா? துணியத்தான முதல்ல பாப்பா. நான் உள்ள வரும்போது மட்டும் வேட்டிக் கரை கணுக்காலுக்கு வருது. அன்னைக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணி, வண்டிய ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னேன். ரெண்டு பொத்தான் தச்சாச்சு, ஒரு வளையம் தச்சாச்சு. மிண்டாம, வாயத் தொறக்காம நின்னா சினிமாவுக்குப் போதும். எனக்கு வாயால சொல்லணும்."

"கடையைக் காலி பண்ண வேண்டாம்" என்றேன்.

"அது பில்டிங்காரர் சொல்ல வேண்டியது. நீங்க வேற சொல்லுங்க."

எங்கோ கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது ஒன்று நழுவி விழுகிற மாதிரி இருந்தது.

"நீங்க ஊருக்குப் போனா, அந்த வண்டியில நானும் ஏறிருவேன்."

அவள் இப்போதுதான் திரும்பினாள். வாயில் வந்த சிரிப்பை டேப்பின் நுனியால் மறைத்துக்கொண்டாள்.

"மெஷினே பெரிய மெஷின். அதுல நீங்க வேற ஏறினா வண்டி தாங்காது. இங்கேயே இருந்துருவோம்."

கதவுக்கு வெளியே டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. சர்க்கரையே போடாத மூன்று டீயோடு டீச்சர் உள்ளே வந்தார். மூன்று பேரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

16 ஆகஸ்ட் 2009, ஞாயிற்றுக்கிழமை