கிளப் சுவரிலிருந்து கழற்றிய அஞ்சலை படம்

எங்கள் நெய்வேலி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்று ஒருவர், எண்பதுகளில் எங்கள் டவுன்ஷிப் கிளப்பில் நடந்த புகைப்படக் கண்காட்சியைப் புகழ்ந்து எழுதியிருந்தார்.

நான் அதற்கு லைக் போடவில்லை.

அந்தக் கண்காட்சிக்கு நான் கொடுத்தது அஞ்சலையின் படம். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து நிலக்கரி மைன்ஸுக்கு கான்ட்ராக்ட் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்.

அந்தப் படத்துக்காக பிளாஷை கேமராவிலிருந்து கழற்றி, டெலிபோன் ஒயரால் நீட்டி, பால்பவுடர் டப்பாவுக்குள் பொருத்தி, டப்பாவின் வாயை வெள்ளைத் துணியால் மூடியிருந்தேன். நேராக அடித்தால் முகம் வெளுத்துவிடும். ஒரு கை தூரம் பக்கவாட்டில் பிடித்தேன். கன்னத்தில் படிந்த கரித்தூள்கூடத் தெளிவாக விழுந்தது.

கண்காட்சி அன்று அஞ்சலை புதுச்சேலை கட்டி வந்தார்.

"சிரிச்சிகினு நிக்கிறது நானாங்க?" என்று படத்தையே பார்த்தார்.

அப்போது வந்த கிளப் செயலாளர், அஞ்சலையின் காதுபடவே என்னிடம் சொன்னார்: "சார், பேமிலியோட வர்ற இடம் இது. கான்ட்ராக்ட் ஆளுங்க படமெல்லாம் வேணாம். கழட்டிட்டு பூ, குழந்தைன்னு ஏதாவது மாட்டுங்க."

அஞ்சலையின் சிரிப்பு நின்றுவிட்டது. "குடுத்துடுங்க, எங்க வூட்ல மாட்டிக்கிறேன்" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். என் மற்ற படங்களையும் எடுத்துக்கொண்டேன்.

வாசல் வரை ஓடிவந்த செயலாளர், "ரூல் அப்படி சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று எனக்கு மட்டும் ஒரு கப் டீயை நீட்டினார். பக்கத்தில் நின்ற அஞ்சலைக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

கப்பைச் செயலாளர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நீங்களாக இருந்தால் குடித்திருப்பீர்களா?