சாமியும் டவுனுக்குப் போயிட்டாரு

பேத்தி பொறந்ததுல இருந்து ஆறுமுகநயினாருக்குக் காலு தரையில படல. சப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டப்போ கடையப் போட்டது போட்டபடி தூத்துக்குடிக்கு ஓடியாந்த மனுசன். தோத்து வந்த வெக்கத்துல சொந்தக்காரன் ஒருத்தன் மூஞ்சியிலயும் முழிக்காம கெடந்தாரு. பிள்ளையக் கையில வாங்குன பெறவுதான் சிரிப்பே வந்துச்சு.

"மொத முடி நம்ம ஊரு விளையில, சொடலமாடனுக்குத்தான். ஊருக்கே சோறு போடுதேன்"னு ஒத்தக்கால்ல நின்னாரு. பங்கீட்டு அரிசிய மிச்சம் பிடிச்சு மூட்டை கட்டி, மவ சண்முகத்தாயையும் பிள்ளையையும் முடி எறக்குத ஆளையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் பொறப்பட்டாரு.

தேரிக்காடு தாண்டி வண்டி ஊருக்குள்ள நின்னா, ஒரு நாய்கூடக் குலைக்கல. பாதிச் சொவரு வரைக்கும் செம்மண்ணு ஏறிக் கெடக்கு. கூரையெல்லாம் உள்ள விழுந்துட்டு. கெணத்துத் தண்ணிய வாயில விட்டுப் பாத்தாரு. உப்பு.

ஒண்ணுவிட்ட தங்கச்சி செல்லத்தாய் ஒருத்திதான் வெளிய வந்தா. கிட்ட வந்து ஆளத் தொட்டுப் பாத்தா.

"அண்ணே, உசுரோடயா இருக்கிய?"

"இருக்கேம்ளா. மத்தவங்க எங்க?"

"தண்ணி உப்பாச்சு. ஹார்பர்ல மூட்டை தூக்கவும் கடை போடவும் எல்லாம் தூத்துக்குடிக்குப் போயிட்டாவ. வண்டியில இருக்குத இம்புட்டு அரிசியும் எனக்கு ஒருத்திக்கா? என் வயிறு என்ன நெல்லுக் குதிரா?"

"கோயிலு?"

"சாமியும் போயிட்டாரு. நம்ம பூசாரி காசிலிங்கம் பிடிமண்ணு எடுத்துட்டுப் போயி டவுனுல கோயிலு கெட்டிட்டான்."

சாமியப் புது எடத்துக்குக் கூட்டிட்டுப் போவ, சாமி நிக்குத பூடத்தடியில அள்ளுத பிடிமண்ணுல வீட்டுக்கு ஒராளு சம்மதம்னு கை வைக்கணும். ஒரு வீடு விட்டுப்போனாலும் சாமி வராது. அதான் மொறை.

"எங்க வீட்டுக்கு யாரு கை வச்சா?"

செல்லத்தாய் தலையக் குனிஞ்சுக்கிட்டா. "குண்டுல நீங்களும் போயிட்டியன்னு சொன்னாவ. ஒங்களுக்கும் சேத்து நாந்தான் வச்சேன். அழுதுக்கிட்டேதான் வச்சேன்."

"ஐயா, அப்போ முடிய டவுனு கோயில்லயே எறக்கிருவமே"ன்னா சண்முகத்தாய். "இங்கன சாமியே இல்லயே."

ஆறுமுகநயினாரு போயி பூடத்தத் தடவிப் பாத்தாரு. பாதி இடிஞ்சு, எண்ணெக் கறை கூடக் காஞ்சு போயிருந்துச்சு.

"நான் கை வைக்கல. நான் அனுப்பாத சாமி எங்கயும் போயிருக்காது. இங்கனயே எறக்குப்பா"ன்னு முடி எறக்குத ஆளக் கூப்பிட்டாரு.

கத்தி பட்டதும் பிள்ளை வீறிட்டுச்சு. அணைக்கப் போன சண்முகத்தாய் கையச் செல்லத்தாய் பிடிச்சுக்கிட்டா.

"செத்த பொறுளா. அழட்டும். இந்த ஊருல பிள்ளைச் சத்தம் கேட்டு எந்தக் காலமாச்சு."