இசைவாணி கட்டிய லேபிள்

ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசி அச்சகத்துக்குப் போய்வந்தாள் இசைவாணி. அச்சாகி, வெட்டி வருகிற லேபிள்களைச் சரிபார்த்துக் கட்டுப் போடுவது அவள் வேலை. கை வேகத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளி சீனிவாசகமே சொல்லியிருக்கிறார். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தீபாவளி சீசன் நெருக்கடி. பட்டாசுப் பெட்டி ஆர்டர்களுக்கு நடுவே ஒரு மருந்துக் கம்பெனியின் இருமல் மருந்து லேபிளும் ஓடியது. பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே பச்சை. ஒரு வரிதான் வித்தியாசம். வெட்டு மிஷின் சிவபாண்டி இரண்டையும் பிரித்துத்தான் அடுக்கிவைத்தான். வாசலில் லோடு வண்டிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். அவசரத்தில் இசைவாணியின் முழங்கை பட்டு இரண்டு அடுக்கும் சரிந்தன. அள்ளினாள். மேலாக ஒரு பார்வை பார்த்துக் கட்டினாள். கம்பெனியில் ஒட்டும்போது பார்க்காமலா இருப்பார்கள் என்று நினைத்தாள்.

அங்கேயும் யாரும் பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்த சமயம், லேபிள் மாறிப்போன மருந்தை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. குழந்தை மருந்து என்று ஒட்டிய பாட்டிலில் பெரியவர்கள் மருந்து. சீனிவாசகம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, சிவபாண்டி பக்கம் திரும்பினார்.

"வெட்டுற எடத்துலதான் கலந்திருக்கணும். என்னலே சொல்லுத?"

"நான் பிரிச்சித்தான் வச்சேன் அண்ணாச்சி."

"நாளையில இருந்து வராத."

சிவபாண்டி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியேறினான். தன் முழங்கை பட்டுச் சரிந்ததை இசைவாணி சொல்லவில்லை; குனிந்து அடுத்த கட்டை எண்ணத் தொடங்கினாள்.

சாயங்காலம் ஆமத்தூரில் இறங்கியபோது, மெடிக்கல் கடைக்காரர் அதே பச்சை லேபிள் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தெரு சினேகா காலையில ஒண்ணு வாங்கிட்டுப் போச்சும்மா. போனை எடுக்க மாட்டேங்கு. கொஞ்சம் போய்ச் சொல்லு."

இசைவாணி ஓடினாள். சினேகா கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எங்க?"

"தூங்குதுக்கா. மருந்து குடுத்ததுல இருந்து நல்ல தூக்கம். சளிக்குக் கேட்டிருக்கு."

இசைவாணி உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். தலை ஒரு பக்கம் துவண்டு விழுந்தது. கன்னத்தில் தட்டினால் கண் திறந்து மறுபடி சொருகியது. ஆட்டோவில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இசைவாணி அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். சினேகா என்ன ஏது என்று அழுதாள். மருந்து மாறிவிட்டது என்று மட்டும் இசைவாணி சொன்னாள்.

விடிந்தபின் குழந்தை விழித்து இட்லி கேட்டது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். சினேகா இசைவாணியின் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க வரலைன்னா எம்பிள்ளை இல்லக்கா. சாமியா வந்தீக."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்படிச் சொல்லாத சினேகா. அந்த லேபிளக் கலந்து கட்டுனதே நாந்தான்."

சினேகாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. பிள்ளையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

இசைவாணி அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா அவனை அனுப்பியிருக்க மாட்டேனே, தாயி."

வேலை போகுமென்றுதான் நினைத்தாள். போகவில்லை, அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றினார். ஆனால் மருந்துக் கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டது. சிவபாண்டியைக் கூப்பிட ஆள் போனது, வந்தான். இசைவாணி அவன் எதிரே போய் நின்று மன்னிப்புக் கேட்டாள்.

"வேலையை விட்டு நிறுத்துனதுகூடப் பெருசில்ல. நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்த பாரு..." என்றவன், முடிக்காமல் மிஷினைப் போட்டான்.

சினேகா இப்போதும் தெருவில் பார்த்தால், "சாப்பிட்டீகளாக்கா?" என்று கேட்கிறாள். பிள்ளையை மட்டும் கொடுப்பதில்லை. இசைவாணியும் கை நீட்டுவதில்லை.