பெரட்டில் நிற்காத ஒரு படம்

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இரவு மழையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்தின் பின்புற மண்மேடு சரிந்து கடைசிக் காம்பராவை மூடிவிட்டது என்றார்கள். அது கோகிலாவின் வீடு. அவளுடைய அம்மாவையும் தம்பியையும் உயிரோடு எடுத்தார்கள். கோகிலாவை எடுத்தபோது மத்தியானமாகிவிட்டது.

அவளோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களே, வெடித்த சுவரைப் படம் பிடிக்க வந்த அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த அம்மாமாரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டோர்ச் பிடித்து எழுதுகிறேன். அப்பா விழித்தால் இது அடுப்புக்குப் போகும். ஆனாலும் எழுதுவேன்.

நாங்கள் இருவரும் செய்தது பெரிய காரியமல்ல. தோட்டத்து லயங்களில் எந்தச் சுவர் வெடித்திருக்கிறது, எந்த மேடு இறங்குகிறது என்று படத்தோடு ஓர் இணையப் பக்கத்தில் போட்டு வந்தோம். கொழும்பில் கடையில் நிற்கும் அவளுடைய அண்ணன் கொடுத்த பழைய மடிக்கணினிதான் எங்களிடம் இருந்தது. அவள் வீட்டுக் கூரை ஒழுகும் என்பதால் அது எங்கள் வீட்டில் இருந்தது. அதனால்தான் தப்பியது.

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பத்திரப்படுத்த 'கிட்' என்ற மென்பொருளை வைத்திருந்தோம். அதில் எதையும் நேரே பதிய முடியாது. பதிய வேண்டியவற்றை மட்டும் முதலில் தனியே எடுத்து நிறுத்த வேண்டும். பிறகுதான் 'கொமிட்', அதாவது பதிவு. எதற்கு இந்த இரட்டை வேலை என்று நான் சலித்துக்கொண்டேன். கோகிலா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது பெரட்டுதாண்டி. மொதல்ல நிக்க வச்சு, யாரு வந்திருக்கான்னு பாத்துட்டுத்தானே மலைக்கு அனுப்புறாங்க." காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் நம் அம்மாமார் ஆள்கணக்குக்கு வரிசையில் நிற்கும் அதே பெரட்டு. அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் பெயர்.

ஒருநாள் அவசரத்தில் அவளே பிசகினாள். கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளியை வைத்தால், கிடக்கிற அத்தனையும் ஒரேயடியாகப் பெரட்டில் வந்து நின்றுவிடும். அப்படிப் போனதில் மாரியாயி அத்தை தன் வீட்டுச் சுவரோரம் முகம் தெரிய நிற்கும் படமும் பக்கத்தில் ஏறிவிட்டது. தோட்டத்து ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுக்க அத்தையைத் தண்டனையாக அட்டைக்கடி மலைக்கே அனுப்பினார்கள். கோகிலா போய் மன்னிப்புக் கேட்டாள். அத்தை காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே, "போட்டோ போடுறேன்னு சொல்லியிருந்தா தலையையாவது சீவியிருப்பேனே" என்றார். நான் சிரித்தேன். கோகிலா சிரிக்கவில்லை. அதன்பிறகு முகம் இருக்கும் படம் எதுவும் பெரட்டுக்கு வந்ததில்லை. புள்ளி வைத்ததும் இல்லை. வீட்டாரைத் தவிர இரண்டு பேர் நேரில் பார்க்காத எதையும் நிறுத்துவதில்லை என்று ஒரு விதியும் வைத்தாள்.

அந்த விதியால்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பின்னால் இருந்த வெடிப்பில் என் கை உள்ளே போனது. படம் எடுத்தோம். இதை இன்றைக்கே போடு என்றேன். மாட்டேன் என்றாள். "எங்கூட்ட நானே போட்டா, புது வீடு கேட்டு நடிக்கிறான்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரு பாக்கட்டும்."

"நான் பாத்துட்டேன்ல?"

"நீ எங்கூட்டு ரொட்டி திங்கிறவ. உன் சாட்சி செல்லாது."

வியாழக்கிழமை இரவு மேடு இறங்கியது.

அந்தச் சுவரில் வெடிப்பே இருந்ததில்லை, எல்லாம் மழை செய்த வேலை என்று இப்போது ஆபீசில் சொல்கிறார்கள். அப்பாவைக் கூப்பிட்டு, உன் மகள் அந்தப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து கணினியை ஒரு துணியில் சுற்றினார். பிறகு, "மூடி வச்சிரும்மா" என்றார். நான் அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்து, "போட்டுத்தான் ஆகணும்னா அவ பேருல போடு. செத்தவள யாரு வேலைய விட்டு நிப்பாட்டுவா?" என்றார். அவர் பயம் எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான்.

சற்றுமுன் கணினியைத் திறந்தேன். கோகிலா பெரட்டில் நிறுத்தியவை அப்படியே பச்சை எழுத்தில் நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, சேர்க்கப்படாமல், சிவப்பில் ஒரே ஒரு படம். அவள் வீட்டுச் சுவர். எடுத்த நாள் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

கோகிலா, மற்ற எல்லாவற்றிலும் நீ சொன்னது சரி. இதில் மட்டும் நீ சொன்னது தவறு. உன் வீட்டு ரொட்டி தின்றவளின் சாட்சியும் சாட்சிதான்.

புள்ளி வைக்கவில்லை. அந்தப் படத்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். சிவப்பு பச்சையானது. பதியும்போது 'கிட்' இரண்டு பெயர்களை வைத்துக்கொள்ளும், ஆக்கியவர் பெயரும் பதிந்தவர் பெயரும். ஆக்கியவர் என்ற இடத்தில் கோகிலாவின் பெயரை இட்டேன். பதிந்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரை இட்டேன். குறிப்பில், "இந்த வெடிப்பை நான் பார்த்தேன். என் கை உள்ளே போனது" என்று எழுதி இணையப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நாளை அப்பாவை மறுபடி கூப்பிடுவார்கள். நானும் கூடப் போவேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, எதையும் மொத்தமாக அள்ளிப் போடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்தும் அந்தப் பிடிவாதத்தைத்தான். மேல் லயத்தில் இன்னும் நிற்கிற காம்பராக்களை இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். இரண்டாவது ஆளாக உங்களில் ஒருவர் வாருங்கள்.