மூன்றாவது மைக்

இது நடந்தது. செல்வின் முன்னால் இதைக் கதை என்று சொன்னால் எழுந்து போய்விடுவான். பிறகு ஒரு வாரம் போனை எடுக்க மாட்டான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முன்பெல்லாம் கேலி செய்தே உயிரை வாங்குகிற ஆள் அவன். சத்தம் அவனுடைய தொழில். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் ஒரு ஒயர் கிடைக்கும் என்பது அவன் கட்சி. 2002-ம் வருஷம் மழைக்காலத்தில், ஊரே கடையடைத்துக் கிடந்த ஒரு ஹர்த்தால் அன்று அந்தக் கட்சி கலைந்தது. ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

திருவனந்தபுரத்தில் வழுதக்காட்டுப் பக்கம் சுவாமிதாஸ் என்பவர் நடத்திய ஸ்டூடியோவில் செல்வின் ஒலிப்பதிவாளன். வயது இருபத்தாறு. பக்திப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி, தேர்தல் வந்தால் ஜீப்பில் கட்டி அலறவிடும் அறிவிப்பு என்று பிழைப்பு ஓடியது. உயிர் மட்டும் வேறு இடத்தில் இருந்தது. எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய சோல் பாட்டு! சர்ச்சில் ஆண்டவரைக் கூப்பிடுகிற அதே அடித்தொண்டையால் காதலியைக் கூப்பிடுகிற பாட்டு அது. அந்த வருஷங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவற்றைப் பழைய நாடாக்களிலிருந்து எடுத்து, தூசி தட்டிச் சுத்தம் செய்து, தொகுப்புத் தொகுப்பாக சிடி போட்டன. செல்வின் சாப்பாட்டைக் குறைத்து அவற்றை வாங்கினான். டிரம்ஸ்காரன் உட்கார்ந்த ஸ்டூல் கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது பார் என்று, வருகிறவன் போகிறவன் காதிலெல்லாம் ஹெட்போனை மாட்டிவிடுவான். தப்பித்தவர்கள் குறைவு.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. அவனுடைய அம்மா ராஜபாய் அந்தப் பாட்டுகளைப் பாடியவள். வெள்ளைக்காரர்கள் கோவளத்தில் வந்து குவிந்த காலத்தில், அங்கே ஒரு ஹோட்டலில் 'லைட்ஹவுஸ் செவன்' என்று ஒரு குழு இருந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள். சனிக்கிழமை மாலை ஹோட்டலில் சோல், ஞாயிறு காலை சபையில் கீர்த்தனை. போதகருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். ராஜபாய்க்குக் கீழ்க்குரல், ஆல்ட்டோ. செல்வின் எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

ஒரு போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. "ஒனக்க அம்மைக்க குரல் இருக்கே..." என்று ஊரில் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அவனால் தலையாட்டத்தான் முடியும். அப்பா யோசுவாவிடம் அந்தப் பேச்சை எடுத்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெற்றவளின் குரலை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை செல்வினுக்குள் ஒரு நோவு போலவே இருந்தது.

அந்தக் கோவளம் ஹோட்டலை இடித்தபோது, சாமான் அறையிலிருந்த ஒரு பெரிய நாடாச்சுருளைச் சுவாமிதாஸ் வாங்கிக்கொண்டு வந்தார். குழுவின் ஒரே பதிவு.

"வெள்ளக்காரன் பழைய பாட்டக் கழுவித் தொடச்சு விக்கான். நம்ம பிள்ளைக பாடினதுக்கு என்ன கொறச்சல்? நீ சுத்தம் பண்ணு, நான் சிடி போடுதேன்," என்றார்.

யாரோ ஒரு விருந்தாளி கொண்டுவந்திருந்த இயந்திரத்தில் பதிந்தது. நான்கு மைக், நான்கு தடம். ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். குழுவில் முன்குரல் பாடிய சரசம்மா திருவல்லத்தில் இருந்தாள். உடனே போன் போட்டான்.

"ஆன்ட்டி, எந்த மைக்கு யாருக்கதுன்னு ஓர்மை இருக்கா?"

"மூணாவது ஒனக்க அம்மைக்க மைக்கு, மக்களே." அந்தப் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் பாசமாக 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அப்பம் அம்ம பாடினது தனியாட்டு கேக்கலாம், அல்லே?"



"நாளைக்கு நேர்ல வா. போன்ல வேண்டாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் திடீர் ஹர்த்தால். எதற்காக என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, திருவல்லம் போக வழியில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஹர்த்தால் என்றால் பண்டிகை. லாரி அதிர்வு இருக்காது, ஹாரன் இருக்காது, கரண்டும் ஏறி இறங்காமல் வரும். செல்வினால் சும்மா இருக்க முடியுமா? சாவி அவனிடம்தான் இருந்தது. தங்கியிருந்த கரமனையிலிருந்து மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்து ஸ்டூடியோவைத் திறந்தான். கட்டடத்தில் வேறு யாருமில்லை. கதவை உள்ளே தாழிட்டான்.

நாடா பழையது, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு தடவைதான் ஓடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஓடவிட்டு நான்கு தடத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். முடிந்தபோது இயந்திரம் முழுக்கப் பழுப்புத் தூள். நாடாவைத் தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தது. இனி கம்ப்யூட்டரில் இருப்பதுதான் மிச்சம்.

முதல் தடம், வாத்தியங்கள். இரண்டாவது, சரசம்மா. என்ன குரல்! பின்னால் டிரம்ஸ் கசிந்து கேட்டது. எல்லோரும் ஒரே அறையில் நின்று பாடினால் எல்லா மைக்கிலும் டிரம்ஸ் கசியும். நான்காவது தடத்தில் ஆண்களின் கோரஸ், அதிலும் டிரம்ஸ்.

மூன்றாவதைத் திறந்தான்.

ஒன்றுமில்லை. நாடாவின் இரைச்சல் மட்டும். ஸ்ஸ்ஸ்...

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடாமல் சத்தத்தைக் கூட்டினான். கோரஸ் வரும் இடத்தில்... ஒரு மூச்சு.

வரி எடுப்பதற்கு முன் பாடகி இழுக்கிற மூச்சு. வரி வரவில்லை. அடுத்த கோரஸ். மறுபடி மூச்சு. வரி இல்லை. அந்த மூச்சுக்கு அடியில் வேறொன்று மங்கலாக...

தப்... தப்... தப்...

தாளம் என்று நினைத்தான். பாட்டின் தாளத்தோடு ஒத்துவரவில்லை. அதைவிட மெதுவாக இருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்த மைக்கில் மட்டும் டிரம்ஸ் கசியவே இல்லை. அதே அறை. அதே நேரம். எப்படி?

ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரைச்சலை எடுத்துவிட்டால் குரல் வந்துவிடும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்குமுன் நாடா வெறுமனே ஓடும் சில விநாடிகளை எடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். அது அதேபோன்ற சத்தத்தைப் பாட்டு முழுவதிலிருந்தும் துடைத்துவிடும். நூறு தடவை செய்த வேலை. கை தானாகச் செய்தது. அந்த விநாடிகளைக் கேட்டுப் பார்க்கவில்லை. நகல் எடுக்கவில்லை. அவ்வளவு அவசரம் பாவிக்கு.

முடிந்தது. சேமித்தான். கேட்டான்.

சுத்தமான மௌனம்.

இரைச்சல் இல்லை. மூச்சும் இல்லை. தப் தப்பும் இல்லை. திரையில் மூன்றாவது தடம் கோடு போட்டதுபோல் கிடந்தது. பாட்டு தொடங்குமுன்பே அவள் அங்கே மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளைத்தான் இரைச்சல் என்று காட்டியிருக்கிறான். முழுசாகத் துடைத்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டான். ஒரே வாய்ப்பு. அதையும் தன் கையாலேயே...

அப்போது கேட்டது.

தப்... தப்... தப்...

மிச்சம் இருக்கிறதே என்று மனசு துள்ளியது. திரையைப் பார்த்தான். பாட்டு ஓடவில்லை. நிறுத்தியிருந்தான்.

ஹெட்போனைக் கழற்றினான்.

தப்... தப்... தப்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பாடுகிறவர்கள் நிற்கும் அறை. விளக்கு போடவில்லை, ஒரு மைக் ஸ்டாண்ட் மட்டும் நிழலாகத் தெரிந்தது.

மிக்ஸரில் அந்த மைக்கின் பச்சை விளக்கு மின்னியது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மின்னல். ஒயரைப் பிடுங்கினான்.

விளக்கு மின்னியது.

தப்... தப்...

நாடாவிலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்தது எங்கே போகும்? இந்தக் கேள்வி அப்போதுதான் வந்தது என்பான் செல்வின்.

பிறகு முனகல். தாழ்ந்த பெண் குரல். பாட்டு இல்லை. வார்த்தை இல்லை. ம்ம்ம்... ம்ம்ம்...

அம்மாவா? அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அந்தக் குரலைக் கேட்டதே இல்லையே!

ம்ம்ம்...

இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

நாற்காலிக்குப் பின்னால்.

"ஒறங்கு மக்களே..."

முதுகில் ஒரு கை விழுந்தது.

தப்.

மெத்தென்று.

தப்.

ஓடினான்.

செருப்பு, குடை, சாவி எல்லாம் உள்ளேயே. எந்தக் கதவை எப்படித் திறந்தான் என்று தெரியாது. ரோட்டில் வந்து விழுந்தான். மழை. கண்ணுக்கெட்டிய தூரம் சாத்திய கடைகள். கூப்பிட ஒரு மனுஷன் இல்லை. எதிரே ஒரு கடைப் படியில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்து முதல் ஆட்டோ வரும்வரை முதுகைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

திருவல்லத்தில் சரசம்மா அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் துண்டு கொடுத்தாள். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன்," என்றாள் கடைசியில். "அந்தப் பாட்டு ராஜபாய் போய் ஒரு மாசம் கழிஞ்சு எடுத்தது, மக்களே."

செல்வின் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நம்ம சபைல பழக்கம் உண்டல்லே. பாடுத ஆளு செத்தா அடுத்த ஈஸ்டர் வரை அந்த எடத்துல ஆரும் நிக்காம ஒழிச்சுப் போடுவோம். அதுபோல அவளுக்க மைக்கையும் அவ நிக்குத எடத்துலயே வெச்சோம். சும்மா வெச்சதுதான். ஒயர்கூடக் குத்தல்ல."

"அப்பம்... நான் கேட்டது?"

சரசம்மா சுவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒனக்க அப்பா ஒன்னயும் தூக்கிட்டு வந்தாரு. அம்ம போனதுலேருந்து நீ ஒறங்கல்ல. ஒரே அழுகை. ஆரு எடுத்தாலும் நிக்காது. பாட்டு கெட்டுப்போவும்னு எல்லாருக்கும் பயம். வேற எடமில்லாம அந்த மைக்குக்குக் கீழ துணி விரிச்சுக் கெடத்தினோம். பாட்டு தொடங்குததுக்கு முன்னாலயே நீ அழுகைய நிறுத்தியாச்சு. கமந்து படுத்து ஒறங்கியாச்சு. ஒரு மாசத்துல மொத ஒறக்கம்."

"ஆரு ஒறக்கினது?"

"ஆரும் பக்கத்துல வரல்ல. எல்லாரும் பாடிட்டு நிக்கோம். நான் பாடிட்டே ஒன்னப் பாத்தேன். ஒனக்க முதுகுல கெடந்த துணி... அமுங்கி அமுங்கி எழும்பிச்சு. கை வெச்சுத் தட்டுத போல. ஒனக்க அப்பாவும் பாத்தாரு. அதுக்குப் பொறவு அவரு அந்தப் பேச்சே எடுக்கல்ல."

செல்வின் வாய்விட்டு அழுதான். பயத்தில் அல்ல. ஆயுசு முழுக்கக் கேட்க ஏங்கிய குரல் அதுதான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த மழையிலேயே ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனான். கதவு திறந்தபடியே கிடந்தது. விளக்கைப் போடவில்லை. அதே நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல், கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்தான். "அம்மா," என்று கூப்பிட்டும் பார்த்திருக்கிறான்.

விடியும்வரை உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தமும் வரவில்லை.