புதுசுக்கு ஒரு சத்தம்

என் அண்ணனுக்கு மோட்டார் பழுது பார்க்கும் தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவான். ஃபேனோ மிக்ஸியோ தண்ணீர் மோட்டாரோ, எது வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். அதை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைப்பான்; கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். அரை நிமிடத்தில் "பேரிங் போச்சு" என்பான், இல்லாவிட்டால் "புஷ் தேஞ்சிருக்கு, இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பான். சொன்னால் சொன்னதுதான். கடைத்தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். எதிர் மாடியில் நிஜமான டாக்டர் ஒருவர் இருக்கிறார். பாவம், அவரைக் கண் டாக்டர் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் கடையிலிருந்து திரும்பிப் போகும் எந்தப் பொருளும் சத்தம் போடக் கூடாது. அதுதான் அவன் கௌரவம். "சத்தம் வந்தா உள்ள ஏதோ வலியில இருக்குன்னு அர்த்தம்" என்பான்.

இவனுக்கு வாய்த்த மகளுக்கு இவனைவிடப் பெரிய காது. வயது எட்டு. டியூப்லைட் முனகுவது அவளுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். காது மட்டுமில்லை. சட்டையில் லேபிள் இருந்தால் போடமாட்டாள். சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டுவாள். சோப்பு மாறினால் குளிக்கமாட்டாள். எல்லாவற்றையும் தொட்டு, முகர்ந்து, திருப்பிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவாள் என்பதால் நான் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தேன். அதற்கு முன்னால் நான் வைத்திருந்த பெயர் அடங்காப்பிடாரி. "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று நாத்தனார் உரிமையில் அண்ணியிடம் மூன்று வருடம் ஓதியிருக்கிறேன். நமக்குத் தும்மலாகக் கேட்பது அவளுக்கு அறையாக விழுகிறது என்று ஒரு மருத்துவர் விளக்கிச் சொன்ன நாளில்தான் என் வாய் அடைத்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் அண்ணன் தன் வீட்டையே பழுது பார்த்தான். அழைப்பு மணியைக் கழற்றினான். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினான். அலமாரிக் கதவுகளின் ஓரத்தில் ஸ்பாஞ்ச், பாத்திரங்களுக்கு நடுவே துணி, சுவர்க் கடிகாரத்துக்கு ஓய்வு. வாஷிங் மெஷின் அவள் பள்ளிக்கூடம் போனபிறகுதான் ஓடும். தும்மல் வந்தால் ஆளுக்கு ஆள் பால்கனிக்கு ஓடுவார்கள். எங்கள் குடும்பத்திலேயே பெரிய தொண்டை எனக்குத்தான். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் இன்னொரு குழந்தையைத் தத்தெடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

"இருக்கறது போதாதா?" என்று கேட்டேன்.

"போதாதுன்னுதானே கேட்கறோம்" என்றார் அண்ணி. அவர் பேசுவதே குறைவு.

பெரியவளை மூன்று மாதம் தயார் செய்தார்கள். போட்டோ காட்டினார்கள். குழந்தை அழும் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து, இரண்டு வாரத்துக்கு ஒரு புள்ளி ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்கவைத்தார்கள். ஆறாம் புள்ளிவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். வந்து சேர்ந்த ஏழு மாதக் குழந்தையோ இருபதாம் புள்ளியில் ஆரம்பித்தது.

அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. கையில் எடுத்தாலும் அழுதாள், கீழே விட்டாலும் அழுதாள். பத்து நிமிடம் தூங்குவாள், திடுக்கிட்டு எழுந்து மறுபடி ஆரம்பிப்பாள். வீட்டார் பூனை மாதிரி நடந்தார்கள். ஜாடையில் பேசினார்கள். திரைச்சீலையின் வளையங்கள் உரசாமலிருக்க மெழுகு தடவினான் அண்ணன். வீடு அடங்க அடங்க அவள் அழுகை ஏறியது. வயிறு, காது, பல் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. "நம்மளப் பிடிக்கல போல" என்றார் அண்ணி ஒரு நாள். அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பில்லை.

பெரியவள் ஆரஞ்சு நிறக் காதுமூடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் குடியேறினாள். சாப்பாடு பாதியானது. பள்ளிக்கூடத்தில் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். குழந்தைக்கு அவள் வைத்த பெயர் புதுசு.

"அப்பா, புதுசைத் திருப்பிக் குடுத்துடலாம். கடையில குடுத்தா எடுத்துக்க மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கவும் முடியும், அதுதான் விஷயம். முதல் நான்கு மாதம் வெறும் வளர்ப்பு. காப்பகத்து மேடம் மூன்று தடவை வீட்டுக்கு வந்து பார்த்து எழுதினால்தான் குழந்தை இவர்களுடையது. முதல் தடவை வந்தவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், தொட்டிலையும் பார்த்தார். நல்ல மனுஷி.

"மூணாவது தடவை வரும்போது பெரியவகிட்ட தனியாப் பேசுவேன். அவளால முடியலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ரெண்டு குழந்தைக்குமே அது நல்லதில்ல" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் புதுச் செருப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட இல்லை என்று சொல்கிற பிறவி. அவளிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"பெரியவளைக் கொஞ்ச நாள் என் வீட்டுக்கு அனுப்பேன்" என்றேன் அண்ணனிடம். நல்ல மனதோடுதான் சொன்னேன். அன்றுவரை அவன் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஒருத்திக்கு இடம் பண்றதுக்காக இன்னொருத்தியை வெளிய வைக்கறதா? அப்படின்னா நாங்க என்னத்துக்கு இருக்கோம்?" என்றான். நான் ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்று ஆகிவிட்டது.

அடுத்த வாரம் அண்ணிக்குக் காய்ச்சல். எனக்கு அன்று விடுமுறை. பெரியவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, மதிய வாக்கில் அண்ணனும் நானும் புதுசைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடை என்றால் ஒரு பக்கம் லேத் பட்டறை, இன்னொரு பக்கம் கதவு செய்கிற இடம். நடுவில் அண்ணனுடைய மேசைமேல் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோய் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காயில் கம்பி வந்த அட்டைப்பெட்டியில் போர்வையை மடித்துப் போட்டு, அழுதுகொண்டிருந்தவளைப் படுக்கவைத்தோம்.

தூங்கிவிட்டாள். பத்து நிமிடம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆனபோது அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. குனிந்து நெஞ்சில் காதை வைத்தான். லேத் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கை தன்பாட்டில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அசையவே மாட்டேங்கறா" என்று அண்ணிக்கு ஃபோன் செய்தான், அறிவாளி. காய்ச்சலோடு அவர் காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையோடு எதிர் மாடிக் கண் டாக்டரையும் இழுத்துவந்தார். டாக்டர் பார்த்தார்.

"குழந்தை தூங்குது. சாப்பிட்டுட்டு நானும் தூங்கிட்டிருந்தேன். என்னை ஏம்மா எழுப்பினீங்க?"

அதற்குள் லேத் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. மன்னிப்புக் கேட்பது காதில் விழட்டும் என்று அண்ணன் ஃபேனையும் நிறுத்தினான். புதுசு வீறிட்டாள். திரும்பப் போட்டான். அடங்கினாள். நிறுத்தினான், வீறிட்டாள். போட்டான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"காப்பகத்துல ஒரே ஹால். இருபது தொட்டில்" என்றார் அண்ணி மெதுவாக. "மேல பெரிய இரும்பு ஃபேன். நான் முதல் தடவை போனப்ப காதைப் பொத்திக்கிட்டேன்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அவளுக்கு அதுதான் வீடு. நாம கல்லறை மாதிரி ஒரு இடத்துல கொண்டுவந்து போட்டிருக்கோம். அழாம என்ன பண்ணுவா?"

அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அது சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும்தான். பள்ளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்த ஃபேனைப் போட்ட மூன்றாவது நொடியில் "முள்ளு! முள்ளு!" என்று கத்திக்கொண்டு சுவரில் தலையை மோதினாள். ஒருத்திக்குச் சத்தம் வேண்டும், இன்னொருத்திக்கு ஆகாது. வீட்டிலோ இரண்டே அறை. அவள் காதுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தெரு மொத்தமும் பூட்டியிருந்தபோது அண்ணன் அவளைக் கடைக்கு அழைத்துப் போனான். பேசமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு நானும் போனேன். மேசைமேல் இருந்த ஃபேன்களைத் தொட்டுக்காட்டி, தன் ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் கொடுத்தான். அதை அவன் யாரையும் தொடவிட்டதில்லை.

"எல்லா ஃபேனும் சத்தம் போடும். உனக்கு எது பரவாயில்லைன்னு நீயே கேட்டுச் சொல்லு."

காதுமூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு, அப்பனை மாதிரியே கண்ணை மூடினாள். "இது முள்ளு. இது மணல். இது பல்லு கடிக்குது." பிடிக்காதவற்றை அண்ணன் உடனுக்குடன் நிறுத்தினான். பதினாறு ஃபேன் ஆயிற்று. யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒரு பழைய டேபிள் ஃபேன் மூலையில் கிடந்தது. அதில் வைத்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

"இது உருண்டை" என்றாள். "ஆனா உள்ள ஒரு கல் இருக்கு."

பிரித்துப் பார்த்தான். இறக்கையின் ஒரு ஆணி ஆடிக்கொண்டிருந்தது. பதினாறு வருட டாக்டருக்கு அது காதில் விழவில்லை!

ஆணியை இறுக்கியதும் சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது; புதுசு தூங்கவில்லை. அதன்பின் மூன்று வாரம் நடந்தது பேச்சுவார்த்தை. அண்ணன் புஷ்ஷைக் கொஞ்சம் தேய்ப்பான், வீட்டுக்குக் கொண்டுவருவான், ஒருத்தி தூங்குகிறாளா என்று பார்ப்பான், இன்னொருத்தி மேசைக்கு அடியில் போகிறாளா என்று பார்ப்பான், திரும்ப எடுத்துப் போவான். நல்ல புஷ்ஷைத் தன் கையாலேயே தேய்த்துச் சத்தம் வரவைத்தான். வாழ்நாள் கௌரவத்தை இப்படி ஒருவன் சிரித்துக்கொண்டே விடுவதை நான் பார்த்ததில்லை. எனக்கு அவனை எப்போதும் பிடிக்கும். அந்த மூன்று வாரம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது.

கடைசியில் ஒரு இடம் அமைந்தது. ஃபேனின் வேகத் திருகை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிறுத்தி, இன்ஸ்பெக்டர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள்.

"இது என் கோடு. இதுக்கு மேல யாரும் போகக் கூடாது."

யாரும் போகவில்லை. புதுசு மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். விழித்திருந்தபோது சிரிக்கக்கூடச் செய்தாள். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆனால் தொட்டில் பக்கம் மட்டும் போகமாட்டாள். மேடம் இரண்டாம் தடவை வந்துபோய், மூன்றாவது தடவை வருவதற்கு முந்தின நாள் அண்ணி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"இப்பவாவது புதுசைப் பிடிச்சிருக்காம்மா?"

"இல்ல."

மறுநாள் மேடம் வந்தார். அண்ணி அவருக்குச் சிவப்புக் கோட்டின் கதையைச் சொன்னார். முன்னறையில் அவரும் இன்ஸ்பெக்டரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தொட்டிலில் புதுசு, ஸ்டூல்மேல் ஃபேன். எங்கள் மூவரையும் சமையலறைக்குள் போகச் சொல்லிவிட்டார். கதவிடுக்கை நான் பிடித்துக்கொண்டேன். இடம் கிடைக்காத அண்ணன் ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுத்தான்.

"பாப்பாவைப் பிடிச்சிருக்கா?"

"இல்ல. அழுதா காது வலிக்குது. பால் வாசனை வருது. என் பென்சிலைச் சப்பறா."

மேடம் எழுதிக்கொண்டார். அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் சற்று இறங்கியது. ஃபேனின் குரல் தாழ்ந்தது. எனக்கு அதுகூடத் தெரியவில்லை, புதுசு அழுத பிறகுதான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தாள். காதுமூடியை எடுத்து மாட்டினாள். போச்சு, மேசைக்கு அடியில் போகப்போகிறாள் என்று நினைத்தேன். நேராக ஃபேனிடம் போனாள். திருகைக் கொஞ்சம் கூட்டினாள். அழுகை நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டி இன்னும் கூட்டினாள். தோள்கள் காதுவரை ஏறின, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. புதுசு விக்கி விக்கி அடங்கினாள்.

மேடம் அவள் அருகில் போய் ஒரு பக்கக் காதுமூடியை மெல்லத் தூக்கினார்.

"அது உன் கோடுன்னு உங்க அம்மா சொன்னாங்களே. தாண்டிட்டியே?"

இன்ஸ்பெக்டர் அவரை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்கிட்ட காதுமூடி இருக்கு. அவகிட்ட இல்லையே."

சொல்லிவிட்டு அவர் கையை விலக்கி, காதுமூடியைச் சரியாக மாட்டிக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் நாற்காலிக்குத் திரும்பவில்லை. நின்றபடியே ஃபைலைத் திறந்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சமையலறையில் அண்ணி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், சத்தமே இல்லாமல். அந்த வீட்டுப் பழக்கம். அண்ணன் சுவரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இல்லை; கண்ணை மூடி அந்த ஃபேன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.