பங்குனியில் பிடித்த நோன்பு

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாதம், அருப்புக்கோட்டையில் நடந்தது இது. நெசவாளர் தெரு முடிந்து முஸ்லிம் தெரு தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அடுத்த வீடு, முஸ்லிம் தெருவின் முதல் வீடு, அவளுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். இந்தப் பக்கம் நான் கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். நான் கத்தாத நாளே கிடையாது. எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். என் வீட்டுக்காரரை நான் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே அவள் கன்னட வசவெல்லாம் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் தன் ஆட்டை அதே வார்த்தைகளைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையை நிறுத்திவிட்டு, "ஆட்டுக்கும் எனக்கும் ஒரே பேருதானா?" என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

என்னைவிடச் சின்னவள். அவள் புருஷன் கருப்பட்டி வியாபாரி. திருச்சுழி, காரியாபட்டி என்று வண்டியோடு சந்தை சந்தையாகப் போய்விடுவார். வீட்டில் அவள் மட்டும்தான். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது பிறந்து, கண் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த ஆடியில் மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம்.

ஆடி பாதியில் ரமலான் நோன்பு பிறந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வாயில் போடும். சும்மா இருந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் விடியுமுன் சாப்பிட்டதோடு சரி, பொழுது அடையும்வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் அந்தத் தெருவே இருந்தது. அவளும் இருந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு.

எனக்குப் பொறுக்கவில்லை. முதல் நாளே போய்ச் சத்தம் போட்டேன். வயிற்றில் இருக்கிறதையும் சேர்த்துப் பட்டினி போடுகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சிரித்து மழுப்பினாள். சாயங்காலம் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியில் பாதியைத் தூக்குச் சட்டியில் எங்களுக்குக் கொடுத்தாள். அது ரேஷன் காலம். அரிசி கிடைக்காமல் கம்பு நொய்யும் வெந்தயமும் பூண்டும் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். திட்டப் போன வாய்க்கு அந்தக் கஞ்சி ருசியாகத்தான் இருந்தது. அதற்காக நான் விடவில்லை. மறுநாளும் திட்டினேன். அதற்கு மறுநாளும்.

ஒரு நாள்தான் காரணம் சொன்னாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது மயக்கம் தாங்காமல் நோன்பை விட்டுவிட்டாளாம். அதற்குத்தான் பிள்ளையை ஆண்டவன் எடுத்துக்கொண்டான் என்று யாரும் சொல்லாமல் அவளே முடிவு கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு நோன்பு விட்டாலும் இதுவும் போய்விடும் என்று நம்பினாள். பிள்ளை வேண்டும் என்றுதான் பட்டினி கிடக்கிறாள். பிள்ளை வேண்டும் என்றுதான் நானும் சாப்பிடச் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கூடுதலாகத் திட்டு விழுந்தது.

எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்கு வெளியே நல்லதண்ணிக் கிணற்றுக்குப் போக வேண்டும். நோன்பு பாதி கழிந்திருந்த ஒரு மத்தியானம், குடத்தோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். குடம் உருண்டு தண்ணீர் முழுவதும் புழுதியில் போனது. ஓடிப் பிடித்தேன். உதடு வெள்ளையாக இருந்தது. என் குடத்துத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"யக்கா, காலையில இருந்து பிள்ளை அசையலக்கா."

பின்னால் வந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து தாங்கலாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அங்கேயும் அதே கதைதான். தண்ணீரைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டாள். பொழுது அடையட்டும், அடையட்டும் என்று முனகினாள். வெயிலைப் பார்த்தேன். அது இறங்குவதாகத் தெரியவில்லை.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். நான் பொம்பளை, அதுவும் வேறு சாதி, அங்கே போகலாமா கூடாதா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கத்தினேன். உள்ளே தொழவைக்கிற ஹஜ்ரத் வெளியே வந்தார். வெளியூர்க்காரர், தாடி சரியாக வளராத வயசு. கஞ்சிக்கு வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தார் போல, கையில் முறம் இருந்தது.

அவரை நான் என்னவெல்லாம் கேட்டேன் என்று இப்போது எழுத முடியாது. உங்கள் சாமி பிள்ளைத்தாச்சியைக் கொன்றால்தான் திருப்திப்படுமா என்பது அதில் மரியாதையான வாக்கியம். கஞ்சிப் பானைப் பக்கம் நின்ற ஆண்கள் நாலைந்து பேர் முகம் மாறி முன்னால் வந்தார்கள். ஹஜ்ரத் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். அவருக்கு உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கோபப்படுவார், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று நான் காத்திருந்தேன்.

"நான் நோன்பு வச்சிருக்கேம்மா. சண்டை போட மாட்டேன். யாருக்கு என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

சண்டைக்குப் போன இடத்தில் சண்டை கிடைக்காவிட்டால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். நடந்தார் என்றா சொன்னேன்? ஓடினார்.

அவள் வீட்டு வாசலில் சாக்குப் படுதா தொங்கும். அவர் உள்ளே வரவில்லை. படுதாவுக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் உள்ளே போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வறண்ட தொண்டையோடு அவர் அங்கிருந்தே பேசினார். பிள்ளைத்தாச்சிக்கும் சீக்காளிக்கும் வழிப்போக்கருக்கும் நோன்பை விட்டுக்கொள்ள அனுமதி இருக்கிறது, அதை மனுஷர்கள் கொடுக்கவில்லை, படைத்தவனே கொடுத்திருக்கிறான் என்றார். விட்டதைத் தெம்பு வந்த பிறகு வேறு நாளில் பிடித்துக்கொள்ளலாம், அதற்குக் களா என்று பேர் என்றார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் பிடிவாதம் பிடிப்பது நோன்பு இல்லை என்றார். முன்னால் போன பிள்ளைக்கும் விட்ட நோன்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் சொன்னபோது என் மடியில் அவள் உடம்பு குலுங்கியது. படுதாப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்:

"அஜரத்து, இது அக்கா மிரட்டிச் சொல்லச் சொன்னதா?"

படுதாவுக்கு வெளியிலிருந்து அவர் சொன்னார்:

"அவுக மிரட்டுனது நெசந்தான். தெருவே கேட்டுச்சு. ஆனா இது அவுக சொன்னதில்ல. நோன்பு வச்ச வாயால பொய் சொல்ல மாட்டேம்மா."

அவள் வாயைத் திறந்தாள். புருஷன் வைத்துவிட்டுப் போயிருந்த கருப்பட்டியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றில் கையை வைத்திருந்தாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வெயிலில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் விலாவுக்குக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. நான் ஆனந்தத்தில் கன்னடத்தில் பெரிதாக ஏதோ கத்தினேன். அது நல்ல வார்த்தை இல்லை. வெளியே அவருக்கு அர்த்தம் புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆண்டவனைப் புகழ்ந்துவிட்டுக் கஞ்சி வேலையைப் பார்க்கப் போனார்.

மறுநாள் வேறு தொந்தரவு. அவள் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. தெருவே வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறபோது நான் மட்டும் எப்படிக்கா என்றாள். அதற்கு நான் என்ன செய்ய? என் தட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெருநாள் வரைக்கும் மத்தியானம் இரண்டு பேரும் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அவள் வீட்டில் நான் தண்ணீர் குடித்தாலே முகம் சுளிக்கிற ஆட்கள் எங்கள் தெருவில் உண்டு. சுளிக்கட்டும்.

ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் கத்தியதே ஒரு கத்தல், அப்படியே என் தொண்டை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

பங்குனியில் ஒரு நாள் அவள் வந்து, நாளைக்குக் களா நோன்பு ஆரம்பிக்கிறேன் என்றாள். பால் கொடுக்கிறவளுக்கும் அனுமதி உண்டு, அவசரம் இல்லை என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தாராம். பிள்ளை இப்போது கூழும் குடிக்கிறது, எனக்கும் தெம்பு இருக்கிறது, மனசில் வைத்துக்கொண்டு திரிய முடியவில்லை என்றாள். வருஷத்தில் வேறு மாதமே கிடைக்கவில்லையா, கல்லில் முட்டை பொரிகிற பங்குனிதானா கிடைத்தது என்று கத்தினேன். கத்திவிட்டுத்தான் யோசித்தேன். நோன்பு மாதத்தில் விடியுமுன் எழுப்பப் பக்கீர் தப்பு அடித்துக்கொண்டு வருவார். தெருவே சேர்ந்து எழுந்திருக்கும், பொழுது அடைந்ததும் சேர்ந்து நோன்பு திறக்கும். இப்போது அவள் ஒருத்திதான். தெருவெல்லாம் சாப்பிடும், இவள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பாள். புருஷனும் சந்தைக்குப் போய்விட்டார்.

விடியுமுன் எழுந்து உலக்கையால் சுவரை இடித்தேன். "எந்திரிச்சிட்டேன்க்கா, சுவரை விட்டுருங்க" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவள் சாப்பிட்ட நேரத்தில் நானும் இந்தப் பக்கம் பழையதைக் கரைத்துக் குடித்தேன். பிறகு மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கை போகவில்லை. அன்றைக்கு அவளுக்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போன அதே நேரம். தட்டை மூடிவிட்டேன். தண்ணீரும் குடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நோன்பு என்று பேர் வைக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதும் தெரியாது.

பசி பெரிதில்லை. நான் பட்டினி பார்க்காதவள் அல்ல. வம்பு கிணற்றடியில் வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி என் வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தன் கயிற்றை இறக்கினாள். கேட்டதற்கு என் குடும்பத்தையே இழுத்துப் பேசினாள். கிணற்றடி முழுவதும் என் வாயைப் பார்த்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். அப்போது வெடித்த உதட்டோடு முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"நான் இன்னைக்கு நோன்பு. சண்டைய நாளைக்கு வச்சுக்கிருவோம்" என்றேன்.

ஒருத்திக்கும் புரியவில்லை. தள்ளியவள் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள். மறுநாள் போய் நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். மறுநாளும் பக்கத்து வீட்டுக்காரிக்கு நோன்பு, எனக்கும் நோன்பு. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில் வாளியைத் தள்ளியவளைப் பார்த்தபோது சண்டை எங்கே ஆரம்பித்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அந்த முதல் நாள் சாயங்காலம் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு நான் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். பங்குனியில் வேறு யார் காய்ச்சுவார்கள்? கம்பு நொய்தான். வெந்தயம் எவ்வளவு என்று தெரியாமல் கையில் வந்ததைப் போட்டிருந்தேன். பாங்கு கேட்டதும் அவள் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தாள். அவளுக்குப் பிறகு நானும் குடித்தேன். அப்போதுதான் நானும் நோன்பு இருந்ததை என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை வாயில் வைத்தாள். அது கசந்த கசப்பு எனக்குத்தான் தெரியும்.

"நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள்.

"நோன்பு வச்ச வாயால பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க அஜரத்து சொன்னாரேடி" என்றேன்.

"நோன்புதான் தொறந்தாச்சேக்கா" என்றாள்.

மடியில் கிடந்த பிள்ளை நாங்கள் சிரித்த சத்தத்தில் பயந்து அழுதது. அந்தப் பிள்ளை இப்போது பேரன் எடுத்துவிட்டாள். அவள் அம்மாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. எனக்குக் கோபம் மட்டும் குறையாமல் இருக்கிறது. இன்றைக்கும் யார் மீதாவது பாயத் தோன்றினால், நோன்பு என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். பல நாள் அதற்கும் மிஞ்சி வாய் ஓடிவிடுகிறது. ஓடாமல் நிற்கிற நாட்களில், அந்தக் கசந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.